பானெட்டுக்குள் மழைத்தண்ணீர்: மும்பைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடிக் கிருத்திகையன்று செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குக் காரில் வருகிறவர்களில் ஒருவராவது, தரிசனம் முடிந்து திரும்பும்போது பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பார். ஆடி என்றால் இங்கே மழை கொட்டும் காலம். வண்டி ஏன் உதறுகிறது, எங்கிருந்து ஒழுகுகிறது, உள்ளே ஏன் ஈர நாற்றம் என்று கேட்பார்கள். எங்கள் சொசைட்டி பார்க்கிங்கிலும் ஜூன் பிறந்தால் இதே பேச்சுதான்.

என் மாமா சயான் கோலிவாடாவில் பல வருடம் கராஜ் நடத்தினார். பள்ளி விடுமுறை முழுக்க நான் அங்கேதான் இருப்பேன். அவரிடம் கற்றதையும், அதற்குப் பிறகு என் வண்டியிலும் அக்கம்பக்கத்தார் வண்டிகளிலும் கைவைத்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

மழை விட்டதும் பானெட்டைத் திறந்து பார்த்தா உள்ளே ஈரமா இருக்கு. லீக் ஆகுதுன்னு அர்த்தமா?

ஈரமாக இருப்பதால் மட்டும் லீக் என்று சொல்ல முடியாது. பானெட்டுக்குள் இருக்கும் இடம் தண்ணீர் புகாத பெட்டி கிடையாது. முன்பக்க கிரில் வழியாகச் சாரல் அடிக்கும், கீழே சக்கரத்திலிருந்து சேறு தெறிக்கும். என்ஜின் சூடு அதைக் காயவைத்துவிடும். ரேடியேட்டர், பானெட்டின் ஓரங்கள், கீழே தெரியும் இரும்புச் சட்டம் இதெல்லாம் நனைந்திருந்தால் கவலை வேண்டாம்.

ஈரம் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். என்ஜினின் நடுத்தலையில் தண்ணீர் தேங்கியிருந்தால், ஃபியூஸ் பாக்ஸ் மூடிக்கு அடியில் துளிகள் இருந்தால், என்ஜினுக்கும் வண்டியின் உட்பக்கத்துக்கும் நடுவே உள்ள பின்சுவரில் கோடு கோடாக வழிந்த தடம் இருந்தால், மேலேயிருந்து ஒழுகுகிறது. மழை நின்ற அரை மணிக்குள், என்ஜினை ஓட்டாமல், கையில் டார்ச்சோடு பாருங்கள். ஓட்டிவிட்டுப் பார்த்தால் சூட்டில் தடம் காய்ந்துவிடும்.

அப்போ தண்ணி எந்த வழியா வருது, எந்த வழியா போகணும்?

இது ஒன்று புரிந்தால் மீதிக் கேள்விகளில் பாதி தானாகத் தீரும். முன்கண்ணாடியில் விழும் மழை முழுவதும் வழிந்து கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வருகிறது. அங்கே, வைப்பருக்குக் கீழே, கறுப்பு பிளாஸ்டிக்கில் ஜன்னல் வலை மாதிரி ஒரு மூடி இருக்கும். அந்த மூடிக்கு அடியில் வண்டியின் அகலத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி ஓடுகிறது. இதைத்தான் கவுல் என்பார்கள். நம் ஊர் ஓட்டு வீட்டில் தாழ்வாரத்தில் தகரக் கால்வாய் கட்டுவோமே, அதே வேலைதான் இதற்கும். தொட்டியின் இரண்டு கோடியிலும் ஓட்டை இருக்கும். தண்ணீர் அது வழியாக இறங்கி, முன்சக்கரத்துக்குப் பின்னால் தரையில் விழும். படித்த மெக்கானிக்குக் கவுல் என்ற சொல் தெரியும். மற்றவர்களிடம் "வைப்பர் கே நீச்சே வாலி ஜாலி" (வைப்பருக்குக் கீழே உள்ள வலை) என்றால் உடனே புரிந்துகொள்வார்கள்.

அதே தொட்டிக்குள்தான் வண்டிக்குள் வெளிக்காற்று போகும் வாயும் இருக்கிறது. தண்ணீர் உள்ளே போகாமலிருக்க அந்த வாயைச் சுற்றி ஒரு மேடு கட்டியிருப்பார்கள். ஓட்டை அடைத்துக்கொண்டால் தொட்டி நிறையும். நிறைந்தால் போக இரண்டு வழி: பின்பக்கம் மேட்டைத் தாண்டி வண்டிக்குள்ளே, அல்லது முன்பக்கம் விளிம்பைத் தாண்டி என்ஜின் மேலே. எங்கே ஒழுகினாலும் அங்கே அடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகிறது. நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் வேண்டியிருந்தது திறப்பதுதான். தண்ணீர் வரவே கூடாது என்று யாரும் கார் செய்வதில்லை. வந்த தண்ணீர் போக வேண்டும் என்றுதான் செய்கிறார்கள்.

அந்த ஓட்டை எங்கே இருக்குன்னே தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணால் தேட வேண்டாம், தண்ணீரே காட்டும். அரை லிட்டர் பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி சமதளத்தில் நிற்கட்டும். கறுப்பு மூடியின் இடது கோடியில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் குனிந்து இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் பார்க்கட்டும். சில விநாடிகளில் தண்ணீர் கயிறு போல இறங்க வேண்டும். அப்புறம் வலது பக்கமும் இதே மாதிரி செய்யுங்கள்.

சொட்டுச் சொட்டாக வந்தால் பாதி அடைப்பு. ஒன்றுமே வராமல் மூடிக்குள் "களக்" என்று தேங்கும் சத்தம் கேட்டால் முழு அடைப்பு. உடனே ஊற்றுவதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நீங்களே வண்டிக்குள் தண்ணீர் விட்டதாகிவிடும். கீழே இனிமேல் "பாட்டில் சோதனை" என்று நான் சொல்வது இதைத்தான்.

வாரத்துல ரெண்டு நாள் கார் கழுவ ஆள் வர்றார். அப்புறம் எப்படி அடைக்கும்?

வருத்தமாக இருந்தாலும் சொல்கிறேன், சில நேரம் அதனாலேயே அடைக்கிறது. துடைக்கிறவர் கண்ணாடியில் கிடக்கும் இலைகளை மேலிருந்து கீழே ஒரே வீச்சில் தள்ளுகிறார். அவை வலை மூடியில் சேர்கின்றன. அடுத்த பக்கெட் தண்ணீர் அவற்றை உள்ளே இறக்கிவிடுகிறது. அவரைக் கோபித்துக்கொண்டு பயனில்லை. இலையைக் கையால் பொறுக்கிவிட்டுத் துணி போடச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

மாட்டுங்கா ஐந்து தோட்டம், தாதர் பார்சி காலனி, செம்பூர் உள்தெருக்கள் எல்லாம் மரத்துக்குப் பேர் போனவை. இங்கே அடைப்பது பெரிய இலை அல்ல. பெரிய இலை மூடிமேலேயே நின்றுவிடும். குல்மோஹர், மஞ்சள் பூ கொட்டும் இயல்வாகை இவற்றின் சிற்றிலைகள் அரிசி மணியைவிடக் கொஞ்சம்தான் பெரியவை. வலைக் கண்ணில் சுலபமாக நுழைந்துவிடும். மே மாதம் முழுக்க மஞ்சள் இதழும் சிற்றிலையும் உள்ளே விழுந்து, கட்டட வேலைத் தூசியோடு சேர்ந்து காய்ந்து கிடக்கும். ஜூன் இரண்டாவது வாரம் முதல் மழையில் எல்லாம் ஊறி ஓட்டைப் பக்கம் நகரும்.

போன வருடம் பக்கத்து பிளாட் மாமியின் வண்டியில் மூடியைக் கழற்றினேன். வலது கோடி ஓட்டையில் விரலை விட்டால் ஈரக் காபித்தூள் மாதிரி கறுப்பாக, மெத்தென்று இருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்துக் கழுவிப் பார்த்தால் அதற்குள் முழுதாகக் குல்மோஹர் சிற்றிலைகள், ஒரு சிக்லெட் காகிதம், இரண்டு புளியங்கொட்டை. ஒரு டீ டம்ளர் நிறைய வந்தது. அதை எடுத்ததும் தொட்டியில் நின்ற தண்ணீர் ஒரே இழுப்பில் இறங்கியது.

மூடியை நானே கழற்றலாமா, கராஜுக்குப் போகணுமா?

பொறுமை இருந்தால் நீங்களே கழற்றலாம், ஒரு மணி நேரம் போதும். முதலில் வைப்பர் பிளேடு கண்ணாடியில் எங்கே படுத்திருக்கிறதோ அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். திரும்ப மாட்டும்போது இந்த அடையாளம் இல்லையென்றால் வைப்பர் கோணலாக நிற்கும். வைப்பர் கையின் அடியில் உள்ள சின்ன பிளாஸ்டிக் தொப்பியை நெம்பி எடுத்து நட்டைக் கழற்றுங்கள். கை இறுகப் பிடித்திருக்கும். இப்படியும் அப்படியும் லேசாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும், சுத்தியலால் தட்டக் கூடாது.

மூடியைப் பிடித்திருப்பவை அமுக்கு கிளிப்புகள். மும்பை வெயிலில் பல வருடம் காய்ந்த கிளிப் தொட்டதும் முறியும். ஆகவே கழற்றுவதற்கு முன்பே உங்கள் மாடலுக்கான கிளிப் பத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பேர் கடைகளிலும், குர்லா சி.எஸ்.டி. சாலைக் கடைகளிலும் கிடைக்கும். முறிந்த கிளிப்பை அப்படியே விட்டு மூடியை மாட்டினால் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும், அந்த இடைவெளி வழியாக நேராக என்ஜின் மேல் விழும். குப்பையைக் கையால் வாரி எடுங்கள். தண்ணீர் பீய்ச்சி ஓட்டைக்குள் தள்ளினால் அடைப்பு இன்னும் கீழே போய் இறுகும். ஓட்டையின் முனையில் சில வண்டிகளில் ரப்பர் வாய் இருக்கும். அதை இரண்டு விரலால் பிதுக்கிவிட்டால் உள்ளே நின்ற சேறு விழும்.

பானெட்டோட பின்பக்க ரப்பர் வெடிச்சிருக்கு. சிலிக்கான் போட்டு ஒட்டிடலாமா?

ரப்பரை மாற்றுங்கள், சிலிக்கான் வேண்டாம். அந்த ரப்பர் பானெட் மூடும்போது அமுங்கி, திறக்கும்போது எழும்ப வேண்டியது. சிலிக்கான் இறுகிப்போனால் எழும்பாது, கொஞ்ச நாளில் பிய்ந்து வரும். புது ரப்பர் வைக்கும்போது பழையதில் நடுநடுவே வெட்டு விட்டிருந்தால், புதியதையும் அதே இடத்தில் அதே வெட்டோடு வையுங்கள். அது தண்ணீர் வழியவிட்ட இடம்.

எம்-சீல் வைத்து ஓட்டையையே அடைத்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். "இங்கேதான் தண்ணி வருது" என்று யாரோ வடிகால் ஓட்டையை அடைத்திருக்கிறார்கள். பழைய வண்டி வாங்கினால் பாட்டில் சோதனை கட்டாயம்.

மழையில நின்ன வண்டியை காலையில எடுத்தா உதறுது. செக் என்ஜின் லைட் விட்டு விட்டு எரியுது. ஓட்டிட்டுப் போகலாமா?

லைட் மின்னிக்கொண்டே இருந்தால் ஓட்டாதீர்கள். ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் அங்கே புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூட்டால் கெடுத்துவிடும். அது விலை கூடிய சாமான். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினால் பி0301, பி0302 என்று எந்த சிலிண்டர் என்பதே தெரியும். பி0300 என்றால் ஒன்றுக்கு மேற்பட்டவை.

பெட்ரோல் வண்டிகளில் ஸ்பார்க் பிளக் ஒரு ஆழமான குழிக்குள் இருக்கிறது. மேலே, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயில் அதை மூடி நிற்கும். கவுலின் கறுப்பு மூடியின் நடுப்பகுதியிலிருந்து ஒழுகும் தண்ணீர் காயிலின் ரப்பர் ஓரம் வழியாகக் குழிக்குள் இறங்கினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் பக்கச்சுவரில் பாய்கிறது. என்ஜினை அணைத்து, காயிலை உருவி, குழிக்குள் டார்ச் அடியுங்கள். தண்ணீர் தெரிந்தால் காற்றடித்து வெளியேற்ற வேண்டும். அது காயாமல் பிளக்கைத் திருகி எடுக்கவே கூடாது, எடுத்தால் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விடும். காயிலைக் காயவைத்து, ரப்பர் நுனிக்குள் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் கிரீஸ் (மின்சாரம் கடத்தாத கிரீஸ்) தடவி மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். ஆனால் கறுப்பு மூடியைச் சரிசெய்யாவிட்டால் அடுத்த மழைக்கு மறுபடி வரும்.

பிளக் குழியில இருக்கிறது எண்ணெய் மாதிரி இருக்கே?

விரல் நடுவே தேய்த்துப் பாருங்கள். வழவழவென்று பழுப்பாக இருந்தால் என்ஜின் ஆயில்தான். டேப்பெட் கவர் கேஸ்கெட், அதாவது என்ஜினின் மேல்மூடிக்கு அடியில் உள்ள ரப்பர், போயிருக்கிறது. மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கேஸ்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

முன் சீட்டுக்குக் கீழே, இடது பக்கம் கார்பெட் ஊறிப் போயிருக்கு. மெக்கானிக் ஏசி தண்ணின்னு சொல்றார். நம்பலாமா?

அவர் சொல்வதற்கும் காரணம் உண்டு. நம் வண்டிகளில் ஸ்டீயரிங் வலப்பக்கம் என்பதால் புளோயரும் காற்று வாயும் பெரும்பாலும் இடப்பக்கம், கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கின்றன. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாயும் அதற்குப் பக்கத்திலேயே. ஆகவே இரண்டில் எது கெட்டாலும் ஈரமாவது ஒரே இடம். பார்த்தவுடன் சொல்ல முடியாது, பிரித்துப் பார்க்க வேண்டும்.

கார்பெட்டை நன்றாகக் காயவைத்துவிட்டு, இரண்டு நாள் மழையில் நிறுத்துங்கள், ஏசி போடாதீர்கள். ஈரமானால் மழை. மழையில்லாத நாளில் ஒரு மணி நேரம் ஏசியோடு ஓட்டுங்கள். ஈரமானால், வண்டிக்குக் கீழே வழக்கமாகச் சொட்டும் தண்ணீரும் சொட்டவில்லையென்றால், ஏசி குழாய் அடைப்பு. ஈரம் பிசுபிசுப்பாக, பச்சையோ ரோஸோ நிறமாக, இனிப்பு வாடையோடு இருந்தால் மூன்றாவது காரணம்: ஹீட்டருக்குப் போகும் கூலன்ட் கசிகிறது, தள்ளிப்போடாமல் கராஜுக்குப் போங்கள். சன்ரூஃப் உள்ள வண்டி என்றால் இன்னொன்றும் பாருங்கள். அதன் வடிகால் குழாய்கள் முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்கள் வழியாக இறங்குகின்றன. அவை கழன்றாலோ அடைத்தாலோ இதே கார்பெட்தான் நனையும்.

எதனால் என்றாலும் கார்பெட்டை மேலே துடைத்துவிட்டு நிறுத்தாதீர்கள். கார்பெட்டுக்குக் கீழே கனமான ஸ்பாஞ்ச் இருக்கிறது. மேலே காய்ந்திருக்கும், உள்ளங்கையால் அழுத்தினால் தண்ணீர் ஊறி வரும். ஓரத்தைத் தூக்கி அடியில் ஏதாவது முட்டுக் கொடுத்து, ராத்திரி முழுக்க டேபிள் ஃபேன் ஓடவிடுங்கள். மும்பை ஜூலையில் தானாகக் காயும் என்று விட்டால் பூஞ்சைதான் பிடிக்கும். குழந்தைகளுக்கு இருமலும் தும்மலும் வரும்.

ஃபியூஸ் பாக்ஸ்ல தண்ணி நிக்குது. ஹேர் டிரையர் அடிக்கலாமா?

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள். பெரும்பாலான வண்டிகளில் 10 மி.மீ. ஸ்பானர் போதும். சாவி அணைத்திருந்தாலும் ஃபியூஸ் பாக்ஸில் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பிறகு பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, குளிர்காற்றில் காயவையுங்கள். ஹேர் டிரையரைச் சூட்டில் வைத்தால் பிளாஸ்டிக் வளைந்து மூடி சரியாக உட்காராமல் போகும்.

ஹாரன் தானாக அடிப்பது, வைப்பர் நிற்காமல் ஓடுவது, வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் மணிக்கணக்கில் சுற்றுவது இதெல்லாம் ரிலேயில் ஈரம் இருப்பதன் அடையாளமாக இருக்கலாம். ஃபியூஸின் கால்களில் பச்சை பூத்திருந்தால் கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, அரித்துப்போன ஃபியூஸையும் ரிலேயையும் அதே ஆம்பியரில் புதிதாகப் போடுங்கள். மூடியின் உள்விளிம்பில் ரப்பர் இருக்கிறதா, எல்லாக் கொக்கியும் "டக்" என்று மாட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு கொக்கி உடைந்த மூடிதான் நான் அதிகம் பார்த்த காரணம்.

காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கீச்சுன்னு கத்துது, அப்புறம் நின்னுடுது. பயப்படணுமா?

பெல்ட் நனைந்து வழுக்குகிறது. சில விநாடிகளில் நின்றால் விட்டுவிடலாம். நிற்காமல் கத்தினால் பெல்ட் பளபளத்துப் போயிருக்கும் அல்லது தளர்ந்திருக்கும், மாற்றுங்கள். பெல்ட் மேல் ஸ்பிரே, பவுடர் எதுவும் அடிக்க வேண்டாம்.

ஒழுகின சேறெல்லாம் என்ஜின் மேல படிஞ்சிருக்கு. வாட்டர் வாஷ்ல என்ஜினையும் கழுவச் சொல்லட்டுமா?

வேண்டாம் என்பேன். மழை மேலேயிருந்து மெதுவாக விழுகிறது. பிரஷர் கன் எந்தக் கோணத்திலிருந்தும் அழுத்தத்தோடு அடிக்கும், மழை போகாத கனெக்டருக்குள்ளும் அது போகும். வருடம் முழுக்க ஒழுகாத வண்டி வாட்டர் வாஷ் முடிந்து வந்த அன்றே உதறுவதை எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. ஈரத்துணியும் பழைய டூத் பிரஷும் போதும், என்ஜின் ஆறிய பிறகு.

பானெட்டைத் திறந்தா உள்ளே எலி கூடு. மழைக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் நிறைய. சாக்கடை நிரம்பினால் எலிக்கு உலர்ந்த, கதகதப்பான இடம் வேண்டும். இரவு வந்து நிறுத்திய வண்டியின் என்ஜினைவிட நல்ல இடம் அதற்குக் கிடைக்காது. பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தடுப்பைப் பிய்த்துக் கூடு கட்டும். அந்தப் பஞ்சு கவுல் ஓட்டையில் போய் அடைக்கும். வயரையும், பின்சுவரில் வயர் நுழையும் இடத்து ரப்பரையும் கடிக்கும். எலி வந்துபோன வண்டியில் எலியை விரட்டுவதோடு நிறுத்தாமல் பாட்டில் சோதனையும் செய்யுங்கள். வண்டிக்குள் பிஸ்கட் துணுக்கு, பிரசாதப் பொட்டலம் கிடக்கக் கூடாது. இரண்டு நாளுக்கு ஒருமுறையாவது வண்டியை நகர்த்துங்கள்.

கிங்ஸ் சர்க்கிள்ல முழங்கால் தண்ணி. ஓட்டை எல்லாம் சுத்தமா வச்சிருக்கேன், தைரியமா போகலாம்ல?

போகாதீர்கள். இதுவரை சொன்னதெல்லாம் மேலேயிருந்து வரும் தண்ணீருக்கு. கீழேயிருந்து ஏறும் தண்ணீருக்கு வடிகால் ஓட்டை எந்தப் பாதுகாப்பும் தராது. என்ஜின் மூச்சு விடும் குழாயின் வாய் பல வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேல் இருக்கிறது. நின்ற தண்ணீர் முழங்கால் அளவுதான் என்றாலும், எதிரே பெஸ்ட் பஸ் வந்தால் எழும்பும் அலை அந்த உயரத்தைத் தொட்டுவிடும். நீங்கள் வேகமாகப் போனாலும் உங்கள் வண்டியே அலையைக் கிளப்பும்.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்த நேரத்தில் பிஸ்டன் மேலே ஏறினால் அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு வளையும். டீசல் என்ஜினில் அமுக்கம் அதிகம், சேதமும் அதிகம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பதிவானது. அதற்குப் பிறகு மாமாவின் கராஜ் வாசலில் வரிசையாக நின்ற வண்டிகள் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன. பலவற்றில் ஏர் ஃபில்டரைப் பிழிந்தால் சேற்றுத் தண்ணீர் வந்தது. காந்தி மார்க்கெட், ஹிந்த்மாதா, அந்தேரி சப்வே பக்கம் தண்ணீர் என்று கேள்விப்பட்டால் வண்டியை மேடான இடத்தில் விட்டு ரயிலைப் பாருங்கள். ரயிலும் நின்றிருந்தால், இருக்கிற இடத்திலேயே இருங்கள்.

தண்ணிக்குள்ள வண்டி நின்னு போச்சு. ஒரே ஒரு தடவை செல்ஃப் அடிச்சுப் பார்க்கட்டுமா?

தயவுசெய்து அடிக்காதீர்கள். அலையில் நின்ற வண்டிக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருக்கலாம், இன்னும் எதுவும் உடையாமலும் இருக்கலாம். அந்த ஒரு செல்ஃபில்தான் ராடு வளைகிறது. தண்ணீர் இறங்கியதும் வண்டியைத் தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோங்கள். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்க்கலாம். நனைந்திருந்தால், மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இதில் இருக்கிறது. சாதாரண முழு பாலிசி வெள்ளத்தால் வரும் நஷ்டத்தைப் பொதுவாக ஏற்கும், ஆனால் தண்ணீர் புகுந்த பிறகு ஸ்டார்ட் செய்து என்ஜின் உடைந்தால் அது பின்விளைவு என்று மறுப்பார்கள். அதற்கென்றே என்ஜின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்கும் வசதி உண்டு. மும்பையில் வண்டி வைத்திருப்பவர்கள் பாலிசியில் அது இருக்கிறதா என்று மே மாதமே பாருங்கள். வண்டி தண்ணீரில் நிற்கும்போதே நாலு போட்டோ எடுத்துவையுங்கள்.

முன்கண்ணாடி மாத்தினதுக்கு அப்புறம்தான் ஒழுகுது. கடைக்காரர் ஒத்துக்க மாட்டேங்குறார். எப்படி நிரூபிக்கிறது?

இரண்டு விதமாக நடந்திருக்கலாம். கண்ணாடியை ஒட்டும் பசை அடிவிளிம்பில் எங்கோ விட்டுப்போயிருக்கலாம், அல்லது கழற்றிய கறுப்பு மூடியை கிளிப் இல்லாமல் மாட்டியிருக்கலாம். பாட்டில் சோதனை சரியாக வந்தால், ஓஸ் பைப்பில் மெல்லிய தண்ணீரைக் கண்ணாடியின் அடிவிளிம்பில் ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்துங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம். உள்ளே ஒருவர் டேஷ்போர்டுக்குக் கீழே டார்ச்சோடு படுத்துப் பார்க்கட்டும். எந்த சாணில் சொட்டுகிறதோ அங்கே டேப் ஒட்டி வீடியோ எடுங்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவர் இந்த வீடியோவைக் காட்டிய பிறகு கடைக்காரர் பேசாமல் எடுத்து மறுபடி ஒட்டிக் கொடுத்தார்.

ஓட்டை திறந்திருக்கு, ரப்பர் புதுசு, மூடி சரியா இருக்கு. இருந்தும் ஒரு பக்கம் மட்டும் ஒழுகுது. என்னதான் காரணம்?

முதலில் வண்டி நிற்கும் இடத்தைப் பாருங்கள். பக்கவாட்டில் சரிந்த தெருவோரத்தில் நின்றால் தொட்டியின் தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்க ஓட்டைக்கே போகும். கனமழையில் ஒரு ஓட்டை போதாது. எங்கள் பில்டிங்கில் ஒருவர் ஒரு மாதம் கராஜ் கராஜாக அலைந்தார். கடைசியில் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன், ஈரம் எதிர்ப்பக்கத்துக்கு மாறியது. சமதளத்தில் நிறுத்தியதும் நின்றுவிட்டது.

அடுத்து, வெளிக்கடையில் மாட்டிய சாமான்கள். ஹாரன், ஃபாக் லைட், மியூசிக் சிஸ்டம் ஏதாவது போட்டவர்கள் பின்சுவரின் ரப்பரைக் குத்தி வயரை உள்ளே விட்டிருப்பார்கள். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். வயர் உள்ளே நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்கினால் தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். அந்த வளைவைக் கொடுத்து, ரப்பருக்குப் புதிது போடுங்கள். இந்த ஒரு இடத்தில் சிலிக்கான் தடவினால் தப்பில்லை.

அதுவும் இல்லையென்றால் வண்டி முன்பு அடிபட்டு வேலை செய்யப்பட்டதா என்று கேட்டறியுங்கள். தகடுகள் சேரும் இடத்தில் கம்பெனி ஒரு சீலர் பூசியிருக்கும். டிங்கரிங்கில் தகட்டைப் பிரித்து ஒட்டியவர்கள் அதைத் திரும்பப் பூசாமல் பெயிண்ட் மட்டும் அடித்திருப்பார்கள். மட்கார்டின் உள்பக்க பிளாஸ்டிக்கைக் கழற்றினால்தான் தெரியும். இரு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தடித்த பூச்சும், மறுபக்கம் வெறும் தகட்டு விளிம்பும் தெரிந்தால் கண்டுபிடித்துவிட்டீர்கள்.

என்னுது எலெக்ட்ரிக் கார். பானெட்டுக்குள்ள என்ஜினே இல்ல. இதெல்லாம் எனக்கு வேண்டாம்தானே?

என்ஜின் இல்லாவிட்டாலும் கண்ணாடி இருக்கிறது, கவுல் இருக்கிறது, ஓட்டையும் இருக்கிறது. பாட்டில் சோதனை உங்களுக்கும் உண்டு, கார்பெட் கதையும் அப்படியே. 12 வோல்ட் பேட்டரியும் ஃபியூஸ் பாக்ஸும் உங்கள் வண்டியிலும் இருக்கின்றன. பெரும்பாலும் பானெட்டுக்குள்தான்.

ஒரே ஒரு வித்தியாசம். ஆரஞ்சு நிறத்தில் கனமான கேபிள்கள் தெரிந்தால் அவற்றையும், அவை போய்ச் சேரும் பெட்டிகளையும் தொடாதீர்கள், திறக்காதீர்கள், ஈரத்தைத் துடைக்கவும் போகாதீர்கள். அவை உயர் வோல்ட்டேஜ் பாகங்கள். அங்கே தண்ணீர் வழிந்த தடம் தெரிந்தால் போட்டோ எடுத்துக்கொண்டு பானெட்டை மூடி, கம்பெனி சர்வீஸுக்குக் கூப்பிடுங்கள். மூடிமேல் கிடக்கும் இலையை மட்டும் நீங்கள் பொறுக்கலாம்.